என் எண்ணிலிருந்து யாரோ பேசுகிறார்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருஷமாக ஒரே ஃபோன் நம்பர்தான், கடை போர்டிலும் அதுதான் இருக்கிறது. பத்து நாளாக முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டு, "எதுக்கும்மா காலையில இருந்து போட்டுக்கிட்டே இருக்கறே?" என்று கேட்கிறார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை என்றால் நம்புவதில்லை. சிலர் காது கூசத் திட்டுகிறார்கள். மூன்று நாளைக்கு முன் சேலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். என் நம்பரிலிருந்து பேங்க் மேனேஜர் என்று பேசி, அவருடைய அம்மாவின் கணக்கிலிருந்து 38,000 ரூபாயை எடுத்துவிட்டார்களாம். அழுதார், போலீஸுக்குப் போவேன் என்றார். இது போதாதென்று, என் நம்பரைப் போலவே தொடங்கும் எண்களிலிருந்து எனக்கும் தினமும் ஏழெட்டு அழைப்பு வருகிறது. எடுத்தால் பேச்சே இருக்காது, இல்லாவிட்டால் லோன் வேண்டுமா என்று பதிவு செய்த குரல். என் ஃபோனை ஹேக் செய்துவிட்டார்களா? போலீஸ் என்னைப் பிடிக்குமா? வீட்டுக்காரர் நம்பரை மாற்றிவிடு என்கிறார். ராத்திரி தூக்கமே இல்லை.
(பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

நம்பரை மாற்ற வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அவசரத்தில் புது சிம் வாங்கிவிடப் போகிறாரே என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். நீங்கள் விட்டுவிடும் எண் அழிந்து போகாது. இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்தால் கம்பெனி அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். பதினான்கு வருஷத்தில் அந்த எண்ணை எங்கெல்லாம் கொடுத்திருப்பீர்கள்? ஆதார், பேங்க், ரேஷன் கார்டு, கேஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஜிபே. இதில் ஒன்றை மாற்ற மறந்தாலும் அதற்கு வரும் ஓடிபி முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். போர்டைப் பார்த்துக் கூப்பிடும் வாடிக்கையாளர்கள் வேறு. இவ்வளவையும் விட்டுக்கொடுத்தாலும் தொல்லை நிற்காது. ஏமாற்றுகிறவனுக்கு உங்கள் சிம் தேவையே இல்லை. நீங்கள் அந்த எண்ணை விட்ட பிறகும் அவன் அதைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

நான் தொலைபேசித் துறையில் 31 வருஷம் வேலை பார்த்தவன். சேர்ந்த புதிதில் எங்கள் எக்ஸ்சேஞ்ச் ஸ்ட்ரோஜர் வகை, வரிசை வரிசையாகச் சுவிட்சுகள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். யாரோ தொல்லை கொடுக்கிறான் என்று ஒரு வீட்டுப் பெண் புகார் கொடுத்தால், அழைப்பு வந்திருக்கும்போதே நாங்கள் ராக் ராக்காக நடந்து, எந்தச் சுவிட்ச் எதைப் பிடித்திருக்கிறது என்று பின்னாலேயே தேடிக்கொண்டு போவோம். அவன் ரிசீவரை வைத்துவிட்டால் தடம் போய்விடும். அப்புறம் காலர் ஐடி வந்தது. மாதம் தனியாகப் பணம் கட்டி வாங்கினார்கள். இனி கூப்பிடுகிறவன் யாரென்று திரையிலேயே தெரிந்துவிடும் என்று வீடு வீடாகச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. திரையில் தெரியும் எண்ணை நம்பலாம் என்று மக்களுக்குப் பழக்கியவர்கள் நாங்கள்தான்.

இன்லண்ட் லெட்டரில் அனுப்புநர் முகவரிக்கு ஓர் இடம் இருக்கும் அல்லவா? அங்கே யார் பெயரை எழுதினாலும் கடிதம் வந்து சேர்ந்துவிடும், தபால்காரர் பெறுநர் முகவரியைத்தான் பார்ப்பார். திரையில் தெரியும் எண்ணும் அப்படித்தான், அனுப்புகிறவன் எழுதிவிட்ட முகவரி. சிம் போட்ட கைபேசியிலிருந்து கூப்பிட்டால் இந்தப் புரட்டு நடக்காது. சிம்முக்குள் இருக்கும் ரகசியச் சாவியைச் சோதித்துவிட்டு, எண்ணை நெட்வொர்க்கே எழுதுகிறது. இன்டர்நெட் வழியாக வரும் அழைப்பில் கூப்பிடுகிற கம்ப்யூட்டரே "என் எண் இது" என்று எழுதி அனுப்பலாம். முதலில் வாங்குகிற கம்பெனி அதைச் சரிபார்க்காமல் அடுத்த கம்பெனிக்குத் தள்ளிவிட்டால், அது இரண்டு மூன்று கை மாறி சேலத்துக்கு வந்து சேரும்போது கோபியில் இருக்கும் ஒரு தையல் கடையின் எண்ணாகத் தெரிகிறது.

வெளிநாட்டிலிருந்து இப்படி வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இந்திய எண்ணோடு ஓர் அழைப்பு வெளிநாட்டுப் பாதையில் வந்தால், அந்த எண்காரர் உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கும், இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடும். தொடங்கிய 24 மணி நேரத்தில் 1.35 கோடி அழைப்புகளைப் பிடித்ததாக அரசே சொன்னது. அதற்கு முன் எவ்வளவு உள்ளே வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஒரு வாசலை அடைத்தால் இந்தக் கூட்டம் வேறு வழி தேடும். உள்நாட்டிலேயே சரிபார்ப்பு தளர்ந்த இணைப்புகள் வழியாக நுழைகிறார்கள். சிம் பாக்ஸ் என்று ஒரு பெட்டி வைத்து, யார் யார் பெயரிலோ வாங்கிய நூற்றுக்கணக்கான சிம்களைப் போட்டும் பேசுகிறார்கள். இது உங்களுக்கு ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மேல் யாருக்கும் பகை இருக்க வேண்டிய அவசியமில்லை. பெரும்பாலும் மென்பொருள்தான் எண்களை வரிசையாக உருவாக்கி, ஒவ்வொன்றையும் சில நாள் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. வெளிநாட்டு எண்ணைக் கண்டால் மக்கள் எடுக்கமாட்டார்கள், நம் ஊர் எண்ணைப்போல் இருந்தால் எடுப்பார்கள். உங்களுக்கு வரும் ஏழெட்டு அழைப்பும் இதே தந்திரம்தான். முதல் ஐந்தாறு இலக்கம் நம்முடையதைப்போல் இருந்தால் யாரோ தெரிந்தவர் என்று கை தானாகப் பச்சையைத் தொடுகிறது. அந்த எண்களை ஒவ்வொன்றாக பிளாக் செய்து பயனில்லை, நாளைக்கு வேறு எண் வரும். திரும்பக் கூப்பிட்டுத் திட்டவும் வேண்டாம். அந்த எண்ணின் சொந்தக்காரர் உங்களைப்போலவே எங்கோ ஒரு கடையில் உட்கார்ந்து, இது என்ன கொடுமை என்று தவித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, உங்கள் ஃபோனை ஹேக் செய்துவிட்டார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் எண்ணை வெளியே யாரோ காட்டுகிறார்களா, இல்லை உங்கள் ஃபோனிலிருந்தோ சிம்மிலிருந்தோ உண்மையிலேயே அழைப்பு போகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிச்சயமான வழி உண்டு. உங்கள் கம்பெனியின் ஆப்பிலோ கடையிலோ, அழைப்பு வாரியான விவரப் பட்டியலைக் கேளுங்கள். ப்ரீபெய்டு என்றாலும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடந்த ஆறு மாதத்துக்குள்ளான விவரத்தை 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் தர வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ஃபோனுக்குள் இருக்கும் கால் லிஸ்ட் போதாது, அதை அழித்துவிடலாம். கம்பெனி தரும் பட்டியல் எக்ஸ்சேஞ்ச் எழுதிய கணக்கு, அதில் யாரும் கைவைக்க முடியாது. திட்டியவர்கள் சொன்ன நாளும் நேரமும் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், உங்கள் ஃபோனுக்கும் அந்த அழைப்புக்கும் தொடர்பில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒருவேளை நீங்கள் கூப்பிடாத எண்கள் பட்டியலில் இருந்தால் கதை வேறு. யாராவது வாட்ஸாப்பில் கல்யாணப் பத்திரிகை என்று அனுப்பிய கோப்பைத் திறந்து, ஏதாவது ஆப் இறங்கியதா என்று நினைத்துப் பாருங்கள். ஏபிகே என்று முடியும் அந்தக் கோப்புகள்தான் இப்போது ஊரெல்லாம் சுற்றுகின்றன. அப்படியென்றால் இன்டர்நெட்டை அணைத்து, ஃபோனைத் தெரிந்த ஆளிடம் கொடுத்து முழுக்க ரீசெட் செய்யுங்கள். பேங்குக்கு வேறு ஃபோனிலிருந்து சொல்லிவிடுங்கள். நடுவில் பல மணி நேரம் சிக்னலே இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கம்பெனி கடைக்குப் போய், உங்கள் பெயரில் வேறு யாரும் மாற்று சிம் எடுத்தார்களா என்று கேட்க வேண்டும்.

திட்டியவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வந்தது சாதாரண அழைப்பா, வாட்ஸாப் அழைப்பா? வாட்ஸாப் என்று யாராவது சொன்னால், உங்கள் வாட்ஸாப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இருந்தால் நீக்குங்கள். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

இப்போது சிம் பாக்ஸ் விஷயம். அந்தப் பெட்டியில் இருக்கும் சிம்களில் ஒன்று உங்கள் பெயரிலேயே வாங்கியதாக இருக்கலாம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ ஆப்பிலோ போய், உங்கள் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்டால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று காட்டும். ஒருவர் பெயரில் 9 வரை இருக்கலாம் என்பதால், நமக்குத் தெரியாத ஒன்றிரண்டு உள்ளே ஒளிந்துகொண்டிருக்க இடம் உண்டு. எப்போதோ ஜெராக்ஸ் கடையில் விட்டு வந்த ஆதார் நகல் போதும். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே 'இது என் எண் அல்ல' என்று குறித்துவிடலாம். வீட்டுக்காரர், மாமியார், எல்லோர் பெயருக்கும் பாருங்கள்.

போலீஸ் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று புரிகிறது. விசாரிக்க உங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஃபோன் வரலாம், ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவும் செய்யலாம். பயப்பட வேண்டாம், ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், நீங்களே முந்திக்கொள்ளுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசியத் தளத்தில் புகார் பதியுங்கள். இல்லையென்றால் ஈரோட்டில் இருக்கும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர் ரசீது வாங்குங்கள். மனுவில் என் ஃபோன் ஹேக் ஆகிவிட்டது என்று எழுத வேண்டாம். "என் எண்ணைப் போலியாகக் காட்டி வேறு யாரோ பேசுகிறார்கள், இந்த நாள் முதல் நடக்கிறது, திரும்பக் கூப்பிட்டவர்களின் எண்கள் இவை, என் அழைப்புப் பட்டியலை இணைத்திருக்கிறேன்" என்று எழுதுங்கள்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. உங்கள் கம்பெனியின் புகார் எண் 198. அதில் கூப்பிட்டு இதைப் பதிந்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திட்டுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், வேண்டாத விளம்பர அழைப்புகளைப் பற்றிப் புகார் சொல்லும் 1909-இல் உங்கள் எண்ணின் மேலேயே புகார் கொடுத்திருப்பார்கள். 2025 பிப்ரவரியில் விதியைக் கடுமையாக்கினார்கள். ஓர் எண்ணின் மேல் 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை தொடங்கலாம், வெளியே பேச முடியாமல் நிறுத்திவைக்கவும் முடியும். நல்ல விதிதான், எனக்கு அதில் முழு உடன்பாடு. புகார் வந்தால் கம்பெனி தன் பதிவேட்டில் அந்த அழைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும், பதிவே இல்லாத அழைப்புக்காக உங்களைத் தண்டிக்க முடியாது. இருந்தாலும் நடைமுறையில் ஒரு கடைக்காரரின் ஃபோன் நான்கு நாள் நின்றாலே எவ்வளவு நஷ்டம்! உங்கள் புகார் முன்கூட்டியே அங்கே இருந்தால் பேச்சு சுலபமாக முடியும். 198-இல் தட்டிக்கழித்தால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி இருப்பார், அவரிடம் முறையிடக் கட்டணம் கிடையாது.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்றோ நாளையோ உங்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வரக்கூடும்: "டிராயிலிருந்து பேசுகிறோம். உங்கள் எண்ணிலிருந்து சட்டவிரோத அழைப்புகள் போயிருக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்படும். 9-ஐ அழுத்துங்கள்." அழுத்தினால் மும்பை போலீஸ் என்று ஒருவன் வீடியோவில் யூனிஃபார்மோடு வருவான். டிஜிட்டல் அரெஸ்ட் என்பான், யாரிடமும் சொல்லக்கூடாது என்பான், கணக்கில் இருப்பதை எல்லாம் சரிபார்ப்புக்கு அனுப்பச் சொல்வான். மற்றவர்களுக்கு இப்படி வந்தால் "நான் எதுவும் செய்யவில்லையே" என்று ஒரு நிமிடமாவது சந்தேகம் வரும். உங்களுக்கு வந்தால் உடனே நம்பத் தோன்றும், ஏனென்றால் பத்து நாளாக ஊரே உங்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்கு உங்களைப் பற்றிய பெரிய கவலை இதுதான். டிராய் எந்தத் தனி மனிதரையும் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிப்போம் என்று சொல்வதில்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்று கிடையாது. அப்படி யார் பேசினாலும், பதில்கூடச் சொல்லாமல் வைத்துவிடுங்கள். உண்மையான போலீஸாக இருந்தால் உங்கள் ஊர் ஸ்டேஷன் வழியாக வருவார்கள்.

இனி திட்டுகிறவர்கள். இரண்டு வரியை ஒரு தாளில் எழுதித் தையல் மிஷினுக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள்: "அண்ணா, நான் கூப்பிடலைங்க. என் நம்பரை யாரோ போலியா காட்டிப் பேசறாங்க, நானும் போலீஸ்ல சொல்லியிருக்கேன். அவங்க என்ன பேசினாங்க, எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க." கேட்டு, ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் வந்தவர்கள்கூட இப்படிக் கேட்டால் தணிந்துவிடுகிறார்கள். அந்தக் குறிப்புதான் உங்கள் மனுவுக்கு இணைப்பு. அசிங்கமாகப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், வைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி அதையே செய்கிறவர்களின் எண்ணைத் தனியாகக் குறித்துப் போலீஸில் கொடுங்கள், நீங்கள் அதைச் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு வரி போட்டுவிடுங்கள், வாடிக்கையாளர்களுக்குத் தெரியட்டும். ட்ரூகாலரில் உங்கள் எண்ணுக்குச் சிவப்பு அடையாளம் விழுந்திருக்கிறதா என்று தெரிந்தவர் ஃபோனில் பாருங்கள். விழுந்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு எழுதி நீக்கச் சொல்லலாம்.

உங்களுக்கே வரும் லோன் தொல்லைக்கு 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். இதனால் திருடர்கள் நிற்கமாட்டார்கள், ஒழுங்கான கம்பெனிகள் நிற்கும். முறையாகப் பதிவு செய்த விளம்பர அழைப்பு 140 என்று தொடங்கும், பேங்குகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேவைக்காகக் கூப்பிட 1600 என்ற வரிசை தனியாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து பேங்க் என்று யாராவது பேசினால் அங்கேயே சந்தேகப்படலாம். ஆனால் திரையில் 1600 தெரிந்தாலும் ஓடிபியோ கார்டு விவரமோ சொல்லக்கூடாது. திரையை நம்பாதீர்கள் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு, ஒரு வரிசையை மட்டும் நம்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பேசாத அழைப்புகளுக்கு நீங்கள் 'ஹலோ' சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எடுத்து இரண்டு நொடி சும்மா இருங்கள். ஜாக்கெட் தைக்கக் கூப்பிடுகிறவர்கள் அவர்களே பேசுவார்கள். ஏமாற்று நோக்கம் தெரிகிற அழைப்புகளைச் சஞ்சார் சாத்தியில் 'சக்ஷு' என்ற பகுதியில் தெரிவிக்கலாம்.

கடைசியாக அந்தச் சேலத்துக்காரர். அவர் எண் உங்கள் ஃபோனில் இருக்கும். இந்தப் பதிலைப் படித்த கையோடு, நீங்களே அவரைக் கூப்பிடுங்கள். சங்கடமாக இருக்கும், தெரியும். பக்கத்தில் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு பேசுங்கள். சைபர் மோசடியில் பணம் இழந்தவர்களுக்கான உதவி எண் 1930-க்கு அவர் சொல்லிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவிட முடிகிறது, நாளாக ஆக வாய்ப்புக் குறையும், ஆனாலும் புகார் அவசியம். பேங்குக்கும் உடனே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். தகவல் கொடுத்த பிறகும் அந்தக் கணக்கிலிருந்து பணம் போனால் அதற்கு பேங்க்தான் பொறுப்பு என்று ரிசர்வ் பேங்க் 2017-லேயே சொல்லியிருக்கிறது.

அப்புறம் அவரிடம் அந்த அம்மாவின் ஃபோனில் அழைப்பு வந்த நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவின் ஃபோனில் உங்கள் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததாக இருக்கிறது, உங்கள் கம்பெனிப் பட்டியலில் அதே நிமிடத்தில் எந்த அழைப்பும் போகவில்லை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் எண்ணைப் போலியாகக் காட்டியது நிரூபணமாகிறது. தனித்தனியே இருந்தால் அவர் உங்களைச் சந்தேகிப்பார், நீங்கள் அழுதுகொண்டிருப்பீர்கள். போலீஸ் இதை வைத்து, அந்த அம்மாவின் கம்பெனியிடம் அந்த அழைப்பு எந்த வழியாக உள்ளே வந்தது என்று கேட்க முடியும், அங்கிருந்து அதற்கு முந்தைய கம்பெனி, அதற்கும் முந்தையது. நாங்கள் ராக் ராக்காக நடந்த அதே வேலைதான், இன்று கடிதம் எழுதி நடக்க வேண்டியிருக்கிறது. அதனால் இரண்டு பேரும் ஒருவர் மனுவில் மற்றவருடைய புகார் எண்ணைக் குறிப்பிட்டுக் கொடுங்கள்.

அவர் கோபமாகப் பேசினாலும் நீங்கள் பொறுமையாக இதைச் சொல்லுங்கள். 198-இல் என்ன பதில் வந்தது, பட்டியலில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டிவந்தால் மனுவை நானே எழுதித் தருகிறேன்.